ஷேர்பாயிண்ட் பட்டியல்களில் 5,000 என்னும் வரம்பு

ஷேர்பாயிண்ட் தளத்தின் ஒரு பட்டியல் 3 கோடி உருப்படிகள் வரை கொள்ளும். எனினும், ஒரு வினவல் 5,000 உருப்படிகளுக்கு மேல் துழாவ நேர்ந்தால் தளம் அதனை மறுத்துவிடுகிறது. இதற்கான காரணம் தரவுத்தளத்தின் அமைப்பில் உள்ளது. பல பட்டியல்களின் உருப்படிகள் அங்கு ஒரே அட்டவணையில் சேமிக்கப்படுகின்றன. ஏறத்தாழ 5,000 வரிசைகள் பூட்டப்படும்போது, எஸ்க்யூஎல் சர்வர் அட்டவணை முழுவதையும் பூட்ட முற்படும். அந்நிலையில் பிற பயனர்களின் பணிகளும் தடைப்படும்.

சொந்தச் சேவையகத்தில் நிறுவிய பதிப்பில் நிர்வாகி இவ்வரம்பை உயர்த்தலாம். ஆயின், ஒருவரின் வினவலுக்காக அனைவரும் காத்திருக்க நேரும். எனவே, நிரலாளர் வடிகட்டும் புலத்திற்கு, நூலின் சொல்லடைவை ஒத்த ‘இண்டெக்ஸ்’ அமைத்தல் வேண்டும். வினவலின் முதல் நிபந்தனையே விடையை 5,000க்குள் சுருக்குதல் வேண்டும். பட்டியல் சிறிதாக உள்ளபோதே இவற்றைச் செய்தல் நன்று.