பெரிய பள்ளத்தை விட்டுவிடுங்கள்

ஜெர்மனியின் பல ஊர்களில் அஸ்திவாரம் தோண்டும் முன், இரண்டாம் உலகப்போர்க் காலத்து வான்படங்களைப் பார்த்தாக வேண்டும். படமெடுத்தவர்கள் அன்றைய எதிரிகள். குண்டு குறிதவறாமல் விழுந்ததா என்று பார்க்க பிரிட்டனும் அமெரிக்காவும் உளவு விமானங்களை அனுப்பின. அந்தப் படங்கள் லட்சக்கணக்கில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன.

அந்தப் படங்களில் குண்டு வெடித்த பள்ளத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. வெடித்துச் சிதறிய அடிமண் வெளிறிய வளையமாகவும், குழி கருநிழலாகவும் தெரியும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழி மேடாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்தால் ஆழமும் புலப்படும்.

ஆனால், பெரிய பள்ளத்தால் ஆபத்தில்லை. அங்கே குண்டு வெடித்து முடிந்துவிட்டது. நிபுணர்கள் தேடுவது வெடிக்காத குண்டு நுழைந்த சின்னத் துளையை. படத்தில் அது வெறும் புள்ளி. புதராக இருக்கலாம், ஃபிலிமில் படிந்த தூசியாகவும் இருக்கலாம். அதனால் தாக்குதலுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடுவார்கள். ஒரே விமானம் போட்ட குண்டுகள் பெரும்பாலும் வரிசையாக விழும். வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். இடிபாடுகளுக்கு நடுவே விழுந்திருந்தால் தடயமே தெரியாது. ஆகவே, படம் சுத்தமாக இருப்பதை வைத்து மண்ணும் சுத்தம் என்று யாரும் எழுதித்தர முடியாது.

சந்தேகப்பட்ட இடத்தைச் சுற்றித் துளையிட்டு, காந்தமானியை இறக்கி இரும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெர்லினுக்கு வடக்கே உள்ள ஓரானியன்பர்க்கில் இது அன்றாட வேலை. 1945 மார்ச் 15 அன்று 600-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் அந்த ஊரைத் தாக்கின. யுரேனியம் பதப்படுத்திய ஆவர் ஆலையும் இலக்குகளில் ஒன்று. விழுந்தவற்றில் பல, தாமதமாக வெடிக்கும் வகை: கண்ணாடிக் குப்பி உடைந்து அசிட்டோன் கசியும், அது செல்லுலாய்டுத் தகட்டைக் கரைத்ததும் ஊசி பாய்ந்து குண்டு வெடிக்கும். ஓரானியன்பர்க்கின் இளகிய மண்ணுக்குக் கீழே கெட்டியான சரளை அடுக்கு. அதில் மோதிய குண்டுகள் மூக்கை மேலே திருப்பிக்கொண்டு நின்றன. அசிட்டோன் தகட்டின் பக்கம் போகாமல் பின்னால் வடிந்துவிட்டது.

செல்லுலாய்டோ அசிட்டோன் இல்லாமலும் வயதாகி நொறுங்கும். தகடு உடைந்தால் ஊசி விடுபடும். 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கனில் இத்தகைய வேதித்திரி கொண்ட குண்டு ஒன்று, செயலிழக்கச் செய்யும் வேலை தொடங்கும் முன்பே வெடித்தது. அனுபவசாலிகளான மூன்று பணியாளர்கள் இறந்துபோனார்கள்.