தோணியும் கப்பல் தளமும்: மெய்நிகர் கணிப்பொறியின் பிணைய இணைப்பு முறைகள்

முத்தையாபுரத்து உப்பளங்களுக்குக் கிழக்கே புதிய துறைமுகம் அமைவதற்கு முன், தூத்துக்குடியில் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. கடல் ஆழம் குறைந்திருந்ததால், அவை தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளே கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தன. 1974ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. புதிய துறைமுகத்தில் கப்பல்கள் தளத்திலேயே நேராக வந்தணைந்தன. ஊர்ப் பெரியவர்கள் கண்டறிந்த இவ்விரு முறைகளையும் துணைக்கொண்டு, இன்று கணிப்பொறி பயிலும் மாணவர் பலர் தடுமாறும் ஒரு பொருளை விளக்க முற்படுகிறோம்.

ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் மற்றொரு கணிப்பொறியை உருவாக்கி இயக்குவதே மெய்நிகர் கணிப்பொறி. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிகளில் 1972லேயே வி.எம்./370 என்னும் பெயரில் இக்கருத்து விற்பனைக்கு வந்தது. நாம் புழங்கும் மேசைக் கணிப்பொறிக்கு 1999இல் வி.எம்.வேர் அதனைக் கொணர்ந்தது. மாணவர் பெரிதும் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸ் 2007இல் வெளிவந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை, விண்டோஸை அழிக்காமலே இதனுள் நிறுவிப் பார்க்கலாம். இடமளிக்கும் பொறியை விருந்தோம்பி என்றும், உள்ளே வாழ்வதை விருந்தாளி என்றும் அழைப்போம். விருந்தாளி வெளியுலகோடு எவ்வாறு பேசுவது? அங்கேதான் இணைப்பு முறைகள் வருகின்றன.

முதலாவது 'நாட்' எனப்படும் முகவரி மாற்று முறை. இதுவே தோணி முறை. விருந்தாளி அனுப்பும் செய்தியை விருந்தோம்பி வாங்கி, அனுப்புநர் முகவரியைத் தன்னுடையதாக மாற்றி, அதனைக் குறித்து வைத்துக்கொண்டு வெளியே செலுத்துகிறது. விடை வந்ததும் குறிப்பைப் பார்த்து உரிய இடத்தில் சேர்க்கிறது. கரையிலுள்ளோர் அறிவது தோணியை மட்டுமே. நான்காம் பதிப்பு இணைய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான் என்னும் தட்டுப்பாட்டை எதிர்கொள்ள 1994இல் முன்மொழியப்பட்ட உத்தி இது. வீட்டிலுள்ள வைஃபை கருவியும் இதையே செய்கிறது. வெளியிலிருந்து எவரும் விருந்தாளியைத் தாமாக நாட முடியாது. நாடியே ஆகவேண்டுமெனில், 'இந்த எண்ணுக்கு வருவதை அந்தக் கப்பலில் சேர்' என்று தோணிக்காரருக்கு முன்கூட்டியே கட்டளையிட வேண்டும். இதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். ஆங்கிலத்தில் துறைமுகத்திற்கும் இதே சொல் வழங்குவது நமக்கு வாய்ப்பாகிவிட்டது!

இரண்டாவது 'பிரிட்ஜ்டு' எனும் பால முறை. இதில் விருந்தாளி தளத்தில் நேரே அணையும் கப்பல். அதற்கெனத் தனி வன்பொருள் முகவரி உண்டு. கணினிக்கூடத்தின் முகவரி வரிசையிலிருந்தே அதுவும் ஒன்றைப் பெறுகிறது. கூடத்திலுள்ள யாவரும் அதனை அணுகலாம்; அதுவும் யாவரையும் அணுகும். இந்த இரண்டாம் பகுதியைத்தான் மாணவர் மறந்துவிடுகின்றனர்.

நாம் அறிந்த ஒரு கணினிக்கூடத்தில் நேர்ந்தது இது. டி.எச்.சி.பி. எனும் முகவரி வழங்கும் சேவையைப் பழக விரும்பிய மாணவர் ஒருவர், அதனை விருந்தாளியில் நிறுவிப் பால முறையில் இணைத்துவிட்டார். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அது. புதிதாக இயக்கப்பட்ட பொறிகள் பலவும் அவருடைய விருந்தாளியிடமே முகவரி பெற்றன. அது காட்டிய வழியோ எங்கும் செல்லாத வழி. வரிசையில் நின்றோர் பரிதவிக்க, ஆசிரியர் கம்பிகளைக் கழற்றி மாட்டினார். இணையச் சேவையாளரைக் கடிந்தார். முகவரி வழங்கியது யார் என்று ஒரு பொறியில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையால் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. அதற்குள் மாலையாகிவிட்டது. மாணவரிடம் தீய நோக்கம் சிறிதுமில்லை. பட்டியலில் ஒரு சொல்லை மாற்றித் தேர்ந்தார், அவ்வளவே.

அவருக்கு உரியது 'இன்டர்னல்' எனும் அகப் பிணையம். விருந்தாளிகள் தமக்குள் மட்டுமே பேசும். கப்பலோடு கப்பல் ஒட்டி நின்று சரக்கு மாற்றுவது போல. இதனோடு விருந்தோம்பியும் உரையாட வேண்டுமானால் 'ஹோஸ்ட் ஒன்லி' முறை. இவ்விரண்டிலும் இணையம் கிட்டாது. பழகுவோருக்கு அது குறையன்று, காப்பு.

பலர் வியக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் இரு விருந்தாளிகளை நாட் முறையில் வைத்தால், இரண்டுமே 10.0.2.15 என்ற ஒரே முகவரியைக் காட்டும்; ஒன்றையொன்று காணா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தோணி என்பதே காரணம். அவை இணையத்தையும் ஒன்றையொன்றும் அடைய 'நாட் நெட்வொர்க்' என்னும் வேறு முறை உண்டு. விடுதி வைஃபையில் பால முறை பெரும்பாலும் தகராறு செய்யும். இணைந்த கருவி ஒன்றுக்கு ஒரு வன்பொருள் முகவரியையே வைஃபை ஏற்பதுதான் அதற்குக் காரணம்.

எம்முறையில் இருக்கிறோம் என்ற ஐயம் எழுந்தால் விருந்தாளியின் முகவரியைப் பார்க்கலாம். விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பமைப்பில் 10.0.2 எனத் தொடங்கின் நாட், 192.168.56 எனில் ஹோஸ்ட் ஒன்லி. கூடத்துப் பிற பொறிகளின் வரிசையாயின் பாலம். விண்டோஸில் 169.254 என்று தோன்றினால், முகவரி தருவார் எவரும் அங்கில்லை என்று பொருள்.