விளம்பரம் மேல் விளம்பரமா? கம்ப்யூட்டருக்குள் பதுங்கிய 'உளவாளி'யை விரட்டுவது எப்படி?

பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தால், கூப்பிடாமலே வந்து குதிக்கிறது விளம்பரம். ஒன்றை மூடினால் இரண்டு முளைக்கிறது. கூகுளைத் தட்டினால் பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. மெஷினோ ஆமை மாதிரி நகருகிறது.

"பழசாயிடுச்சு, தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று முடிவு கட்டி விடாதீங்க. பல நேரம் கோளாறு மெஷினில் இருக்காது. உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கும் 'ஆட்வேர்', 'ஸ்பைவேர்' புரோகிராம்கள்தான் காரணமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கினால், பைசா செலவில்லாமல் வீட்டிலேயே இவற்றை விரட்டலாம்.

ஒன்று தொல்லை, இன்னொன்று ஆபத்து

ஆட்வேர் என்பது விளம்பரம் காட்டி காசு பார்க்கும் புரோகிராம். ஸ்பைவேர் சத்தமே போடாது. எந்தப் பக்கம் பார்க்கிறோம், என்ன பாஸ்வேர்டு அடிக்கிறோம் என்று நோட்டம் விட்டு வெளியே அனுப்பும். பல சமயம் இரண்டும் ஒரே மூட்டையில்தான் வரும்.

2017 ஜூனில் 'பயர்பால்' என்ற புரோகிராம் பற்றிய தகவலை செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்டது. உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர்களில் அது புகுந்து விட்டது, இந்தியாவில் மட்டும் 2½ கோடி என்றது அந்த நிறுவனம். இது மிகையான கணக்கு என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. ஆனால் அது வந்த வழியில் யாருக்கும் சந்தேகமில்லை. இலவச சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது.

கதவைத் திறப்பது நாம்தான்!

இலவச சாப்ட்வேர் போடும்போது படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டுகிறோம். நடுவில் ஏற்கனவே டிக் அடித்த ஒரு கட்டத்தில் இன்னொரு புரோகிராமுக்கும் நாமே சம்மதம் கொடுத்து விடுகிறோம்.

புதுப்படம், பாட்டு திருட்டுத்தனமாக கிடைக்கும் தளங்களில் பெரிதாக மின்னும் 'டவுன்லோடு' பட்டன் பலதும் போலி. காசு கொடுக்காமல் விண்டோஸ், போட்டோஷாப் போட உதவும் 'கிராக்' பைல் அதைவிட மோசம். "ஆன்டிவைரஸை ஆப் செய்துவிட்டு போடவும்" என்று அதுவே சொல்லும். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வா என்று திருடன் சொல்வது போலத்தான் இது!

"நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலோ' அழுத்துங்கள்" என்று கேட்பதும் ஒரு தந்திரம். அழுத்தினால், திரையின் மூலையில் விளம்பரம் காட்ட நாமே லைசென்ஸ் கொடுத்த மாதிரி.

அந்த நம்பருக்கு போன் போடாதீங்க!

திடீரென்று திரை முழுக்க சிவப்பு, சைரன் சத்தம். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த மைக்ரோசாப்ட் நம்பரை அழையுங்கள்" என்று மிரட்டும். பயப்படாதீங்க. அது வெறும் இன்டர்நெட் பக்கம்தான். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. 'எஸ்கேப்' பட்டனை சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆல்ட், எப்-4 இரண்டையும் சேர்த்து அழுத்தி மூடுங்கள்.

போன் செய்தால் இனிக்க இனிக்கப் பேசி, தூரத்தில் இருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம் ஒன்றைப் போடச் சொல்வார்கள். போட்டால் மவுஸ் அவர்கள் கையில். அப்புறம் பேங்க் கணக்கு காலி!

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

"டெலிட் பண்ணேன், மறுநாள் காலையில பார்த்தா மறுபடி இருக்கு" என்பதுதான் பலரின் புலம்பல். எலிக்கு ஒரு வளை மட்டும் இருக்காது. ஆட்வேரும் அப்படித்தான். பிரவுசரில் ஒன்று, ஆன் ஆகும்போது ஓடும் பட்டியலில் ஒன்று, குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓடும் 'டாஸ்க்' ஒன்று என்று பல இடத்தில் ஒளியும். ஒன்றை விட்டாலும் அது மற்றதைத் திரும்பக் கொண்டு வந்து விடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்

முதலில் முக்கியமான போட்டோ, சர்டிபிகேட் காப்பிகளை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சாப்ட்வேர் பைல்களை சேர்க்க வேண்டாம்.

1. குரோம் செட்டிங்சில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' வரை போங்கள். அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத தளங்களை நீக்குங்கள். மூலையில் வரும் விளம்பரம் பல வீடுகளில் இதிலேயே நின்று விடும்.

2. 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தில் நீங்கள் போடாததை எல்லாம் நீக்குங்கள். வீட்டு கம்ப்யூட்டரில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற அர்த்தத்தில் ஆங்கில வாசகம் தெரிந்து, எக்ஸ்டென்ஷனை நீக்கவும் முடியவில்லையா? ஆட்வேர் பூட்டு போட்டிருக்கலாம்.

3. விண்டோஸ் செட்டிங்சில் 'ஆப்ஸ்' பட்டியலை தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை ஆரம்பித்த நாளையொட்டி வந்த தெரியாத புரோகிராம்களை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள்.

4. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் சந்தேகமானதை 'டிசேபிள்' செய்யுங்கள். நெட்வொர்க் செட்டிங்சில் 'பிராக்ஸி' பகுதியையும் பாருங்கள். நீங்கள் போடாத முகவரி இருந்தால் ஆப் செய்யுங்கள்.

5. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்வ் கிளீனர்' இலவசம். ஒளிந்திருக்கும் டாஸ்க்குகளையும் இது தேடிப் பிடிக்கும். குரோமுக்கு ஆட்வேர் போட்ட பூட்டை எடுக்கும் வசதியும் இதன் செட்டிங்சில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சொந்த தளத்தில் மட்டும் எடுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்கில் போலியும் இருக்கும், உஷார்!

6. அப்படியும் அடங்காவிட்டால் 'விண்டோஸ் செக்யூரிட்டி'க்குள் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் டிபெண்டரின் 'ஆப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் சோதிக்கும். அப்போது விண்டோஸ் ஓடாது. அதனால் உள்ளே இருக்கும் உளவாளியும் ஓடி ஒளிய முடியாது.

7. கடைசியாக குரோமில் 'ரீசெட் செட்டிங்ஸ்' கொடுங்கள். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு போகாது. அதே கூகுள் கணக்கை வேறு கம்ப்யூட்டரிலும் பயன்படுத்தினால் அதையும் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீக்கிய எக்ஸ்டென்ஷன் அங்கிருந்து திரும்பி வரலாம்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் செட்டிங்சில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'கீப் மை பைல்ஸ்' கொடுத்தால் போட்டோ, பைல்கள் தங்கும். ஆனால் நீங்கள் போட்ட சாப்ட்வேர்கள் போய்விடும்.

வேலை இதோடு முடியவில்லை

உளவாளி போனாலும், அவன் எடுத்துப்போன பாஸ்வேர்டு அவனிடம்தான் இருக்கும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் வேறு போனில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். முதலில் இ-மெயில், அடுத்து பேங்க். ஒரு மாத பேங்க் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே நெட்டைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் தரலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

மறுபடி வராமல் இருக்க...

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' உள்ளே, வேண்டாத புரோகிராம்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு தனியாக சாதாரண கணக்கு திறந்து கொடுங்கள். பெரும்பாலான சாப்ட்வேர் உள்ளே வருவதற்கு முன் உங்கள் பாஸ்வேர்டை கேட்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்து விட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் மெஷின் என்றால் மாறிவிடுவது நல்லது.

இலவசமாக எது வந்தாலும், 'நெக்ஸ்ட்' அழுத்தும் முன் அந்த டிக் கட்டத்தை ஒரு நிமிஷம் படிச்சுப் பாருங்க. பாதி உளவாளிகள் வாசலிலேயே நின்று விடுவார்கள்.