வெயிலைப் பகையாக்கும் மருந்து

பழனி மலையில் மேலே ஒரு விவசாயம், கீழே ஒரு விவசாயம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் சரிவைப் படிப்படியாக வெட்டி உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட், பீன்ஸ் போடுகிறார்கள். அடிவாரத்தில் தொப்பம்பட்டி, ஒட்டன்சத்திரம் வரை மக்காச்சோளம். விளைந்ததில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. மேலே பனி, கீழே வெயில். களை பறிக்க ஆள் கிடைக்காத பாடு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். குனிந்த முதுகு நிமிராமல் பெண்கள் செய்துவந்த அந்த வேலையை இன்று பல வயல்களில் மருந்து செய்கிறது. மக்காச்சோளத்துக்கு அட்ரசின், உருளைக்கிழங்குக்கு மெட்ரிபூசின். வேதியியலில் இரண்டும் நெருங்கிய சொந்தம். களையைக் கொல்லும் வழியும் ஒன்றே.

‘களை முளைக்காம இருக்க அடிக்கிற மருந்து’ என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் களை முளைக்கத்தான் செய்கிறது. மருந்து அடித்த வயலில் ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: குப்பைக்கீரைக் குருத்து மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருக்கும், விதையிலை இரண்டும் பச்சையாக விரிந்திருக்கும். பிறகுதான் இலையின் ஓரம் வெளுக்கத் தொடங்கும். நரம்பு பச்சையாகவே நிற்க, இடைப்பட்ட சதை மஞ்சளாகும். அப்புறம் வெந்நீர் பட்டதுபோலப் பழுப்பேறிச் சுருங்கும். வேர் உறிஞ்சிய மருந்து தண்ணீரோடு ஏறி முதலில் சேர்வது அடியிலைகளில் என்பதால், சாவும் கீழிருந்து மேலே போகிறது.

அந்த இலைக்குள் நடப்பது வியப்பானது. பச்சையத்தின் மேல் ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் கிளம்பி, ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போக வேண்டும். கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் மாற்றுவது மாதிரி. இந்த வரிசையில் பிளாஸ்டோகுவினோன் என்றொரு சிறு மூலக்கூறுக்கு இடம் உண்டு. டி1 என்ற புரதத்தில் உள்ள ஒரு குழியில் வந்து உட்கார்ந்து, எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கிளம்புவது அதன் வேலை. அட்ரசினும் மெட்ரிபூசினும் அந்தக் குழியைப் பிடித்துக்கொள்கின்றன. வாங்க ஆள் இல்லாமல் வரிசை அப்படியே நின்றுவிடுகிறது. இதே வகைக் களைக்கொல்லி ஒன்று அப்படிக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதை, ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியாவின் புரதப் படிகத்தில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1980களில் கண்டார்கள். அந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் மூவருக்கும் 1988-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உணவு தயாரிக்க முடியாமல் களை பட்டினி கிடந்து சாகிறது என்று நினைக்கத் தோன்றும். பட்டினிக்கு முன்பே வேறொன்று முந்திக்கொள்கிறது. எலக்ட்ரான் நகராவிட்டாலும் வெயில் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. வாங்கிய ஆற்றலை இறக்கிவைக்க இடமில்லாத பச்சையம் அதை ஆக்சிஜனிடம் தள்ளிவிட, ஆக்சிஜன் வீரியமான வடிவத்துக்கு மாறி, செல்லின் கொழுப்புச் சவ்வுகளைச் சிதைக்கிறது. இலை வெந்ததுபோலத் தெரிவது அதனால்தான். நல்ல வெயிலில் களை சீக்கிரம் கருகும். மேகமூட்டத்தில் நாள் பிடிக்கும்.

அட்ரசினை 1950களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம். மக்காச்சோளத்துக்கு இது ஒத்துப்போவதற்குக் காரணம் பயிரின் உடம்பிலேயே இருக்கிறது: மருந்தைக் குளுட்டாதயோன் என்ற பொருளோடு கோத்து, குழியை எட்டுமுன் முடக்கிவிடும் நொதி அதற்கு உண்டு. உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் அந்த வசதி இல்லை. மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் அடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு சொல்வது இதனால்தான். மருந்து வந்ததும் ஊடுபயிர் போகிறது என்பதுதான் இதன் மறுபக்கம். வீட்டுச் சாம்பாருக்கு ஊடுபயிராக விளைந்த பயறு கடைக்கு மாறியதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலை மேல் கணக்கு இன்னும் நுட்பமானது. உருளைக்கிழங்கும் மெட்ரிபூசினை உடைத்துத்தான் தப்பிக்கிறது, ஆனால் அந்தத் திறமை எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குளிரும் மூட்டமும் தொடர்ந்தால் செடிக்குள் வேலைகள் மந்தமாகி, மருந்து உடையாமல் தங்கிவிடும். அப்போது வெயில் சுள்ளென்று அடித்தால் களையோடு பயிரும் வெளுக்கும். செடி முளைத்தபின் அடிப்பதானால், குளிர்ந்த மூட்டமான நாட்களை அடுத்து உடனே அடிக்காதீர்கள் என்று வெளிநாட்டு மருந்துக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. நாள் கணக்கில் மேகம் தரையில் இறங்கிக் கிடக்கும் கொடைக்கானலுக்கென்றே எழுதியது போன்ற எச்சரிக்கை இது. முளைக்குமுன் மண்ணில் அடிப்பதே பாதுகாப்பு. அடுத்த போகத்தையும் யோசிக்க வேண்டும்: மண்ணில் தங்கும் மெட்ரிபூசின் வெங்காயம், பீட்ரூட் போன்ற பயிர்களைப் பாதிக்கக்கூடியது. ஒரே படிக்கட்டு வயலில் மாற்றி மாற்றிப் பயிர் வைக்கும் மலை விவசாயிக்கு, விற்பவர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

களைகளும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நாற்றங்கால் ஒன்றில், அட்ரசினின் அண்ணன் எனத்தக்க சிமசினை ஆண்டுதோறும் அடித்துவந்தார்கள். அங்கே சூரியகாந்திக் குடும்பத்துக் களை ஒன்று சாக மறுப்பது 1968-இல் கண்ணில் பட்டது. 1983-இல் கீரைக் குடும்பத்துக் களை ஒன்றில் காரணம் பிடிபட்டது: டி1 புரதத்தின் 264-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின். அந்த ஒரு மாற்றத்தில் குழியின் வடிவம் மாறி, மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போயிற்று. ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடிப்பவர்கள் இத்தகைய செடிகளைத்தான் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள்.

தண்ணீர் விஷயம் இதைவிடப் பெரிது. ஒரு லிட்டர் தண்ணீரில் அட்ரசின் சுமார் 35 மில்லிகிராம்தான் கரையும். மெட்ரிபூசின் ஒரு கிராமுக்கும் மேல் கரைந்துவிடும், மண்ணையும் இறுகப் பிடிப்பதில்லை. சரிவில் அடித்த மறுநாள் கனமழை பிடித்தால் அது வயலில் நிற்காது. மலையின் வடசரிவில் பெய்யும் மழைதான் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு அணைகளை நிரப்புகிறது. அட்ரசின் விஷயத்தில் உலகம் இரண்டுபட்டு நிற்கிறது. நிலத்தடி நீரில் சேர்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் அனுமதியை விலக்க முடிவெடுத்தது. அமெரிக்காவில் இன்றும் புழங்குகிறது. மிகக் குறைந்த அளவிலேயே ஆண் தவளைகளின் பாலுறுப்பு வளர்ச்சி கெடுகிறது என்று 2002-இல் பெர்க்லி பேராசிரியர் டைரோன் ஹேய்ஸ் வெளியிட்ட ஆய்வும், அதற்கு உற்பத்தியாளர் தரப்பின் மறுப்பும் இன்னும் ஓயாத வழக்கு. இந்தியாவில் 27 பயிர் மருந்துகளைத் தடைசெய்ய மத்திய அரசு 2020 மே மாதம் வெளியிட்ட வரைவில் அட்ரசின் இருந்தது; 2023-இல் தடையான மருந்துகளில் அது இல்லை. மெட்ரிபூசினுக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

களைக்கொல்லியை விட்டுவிடுங்கள் என்று மலை விவசாயியிடம் சொல்வது எளிது. ஆள் கிடைக்காத ஊரில் அவர் அதைக் கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது. ஓடையை ஒட்டிய வயல்களில் அடிக்காமல் ஒரு பட்டை விடுவது, மழைக்குறி பார்த்து அடிப்பது, ஒரு போகம் மருந்து என்றால் அடுத்த போகம் மூடாக்கும் கைக்களையும் என்று மாற்றுவது ஆகியவை அவர் கையில் இருக்கின்றன. அரசின் கையில் இருப்பது பரிசோதனை. குடிநீருக்கான, 10500 என்ற எண்ணுள்ள இந்தியத் தர நிர்ணயம், ஒரு லிட்டரில் அட்ரசின் 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. மெட்ரிபூசினுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. மேலே உருளைக்கிழங்கு வயல்களும் கீழே குடிநீர் அணைகளும் உள்ள ஒரு மலையில், மருந்து அடிக்கும் பருவத்து முதல் மழைக்குப் பின் தண்ணீரில் இந்த இரண்டு மருந்துகளையும் அளந்து, முடிவை ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதிப்போட வேண்டும்.