வீட்டிலேயே தோட்டா நிரப்பும் அமெரிக்கர்கள்: எந்த ‘ப்ரஸ்’ யாருக்கு?

துப்பாக்கி வைத்திருப்பவர் தோட்டாவைக் கடையில் வாங்குவார். நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அமெரிக்காவில் இன்னொரு ரகம் உண்டு. சுட்டு முடித்ததும் கீழே சிதறிக் கிடக்கும் காலிக் கூடுகளைக் குனிந்து பொறுக்கி, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து, கார் ஷெட்டின் மூலையில் இருக்கும் மேசையில் வைத்து மறுபடியும் தோட்டாவாக்கி விடுவார்கள். இதற்கு ‘ரீலோடிங்’ என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்நாட்டு மத்திய சட்டப்படி இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. செய்ததை விற்கப் போனால்தான் உற்பத்தியாளர் லைசென்ஸ் கேட்பார்கள்.

இந்த வேலைக்கு நடுநாயகமாக இருப்பது ‘ரீலோடிங் ப்ரஸ்’ என்ற கருவி. புதிதாக இறங்குபவர்கள் முதலில் குழம்புவதும் இதை வாங்கும்போதுதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை தோட்டா வரும் என்பதைப் பார்த்தே பலரும் தேர்வு செய்கிறார்கள். ஆனால் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை உங்களால் கண்காணிக்க முடியும்?

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

நான்கே பொருட்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் சிறு பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்துத் தூள், வாயில் செருகிய குண்டு. சுடும்போது ப்ரைமர் தீப்பொறி தரும், மருந்து எரியும், குண்டு பறக்கும். கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் விலை அதிகம் பிடிப்பதும் பெரும்பாலும் இந்தக் கூடுதான். அதனால்தான் அதைப் பொறுக்குகிறார்கள்.

சூட்டிலும் அழுத்தத்திலும் கூடு லேசாக உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்கு அமுக்க வேண்டும். எரிந்த ப்ரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். அளந்த மருந்தைக் கொட்டி, குண்டைச் செருகி இறுக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ‘டை’ என்ற தனி அச்சு உண்டு. முறுக்குக்கு ஒரு வில்லை, ஓமப்பொடிக்கு ஒரு வில்லை என்று நம் வீட்டு உழக்கில் மாற்றிப் போடுவோமே, அதே சங்கதிதான். அந்த அச்சைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை இழுத்தால் கூட்டை அதற்குள் அழுத்தித் தருவதுதான் ப்ரஸ்.

பணம் மிச்சமா?

தோட்டா ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், ஆமாம். மாதச் செலவைப் பார்த்தால் சந்தேகம்தான். மிச்சமான காசுக்கு இன்னும் கூடுதலாகச் சுடுகிறோம் என்பது அந்த வட்டாரத்தில் பழைய ஜோக். கொரோனா காலத்தில் ப்ரைமருக்கே அமெரிக்கா முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது, ப்ரஸ் வைத்திருந்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

உண்மையான காரணங்கள் வேறு. தொலைதூர இலக்கைச் சுடுபவர்களுக்கு ஒவ்வொரு தோட்டாவும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். தன் துப்பாக்கிக்குப் பொருந்தும் கலவையைத் தானே தேடிப் பிடிக்க முடியும். தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு இன்று கடையில் தோட்டாவே கிடைக்காது என்ற நிலையும் உண்டு.

தட்டுப்பாட்டில் பிறந்த தொழில்தான் இது என்றும் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் சந்தையில் குண்டு கிடைக்காததால், கலிபோர்னியாவின் ஒரோவில் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் ஹண்டிங்டன் குண்டை அழுத்தி உருவாக்கும் அச்சுகளைத் தானே செய்யத் தொடங்கினார். 1943இல் உருவான அந்த நிறுவனம்தான் ஆர்சிபிஎஸ். பெயரில் இருக்கும் ‘ராக் சக்’ என்பது அங்கே பாறை இடுக்கில் வாழும், அணில் குடும்பத்து விலங்கு ஒன்றின் பெயர். அதை வேட்டையாடத்தான் அந்தக் குண்டுகள்!

மூன்று ரகங்கள்

‘சிங்கிள் ஸ்டேஜ்’ ப்ரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஓர் அச்சுதான் இருக்கும். ஆர்சிபிஎஸ்-இன் ‘ராக் சக்கர்’ இதில் புகழ்பெற்றது. ஐம்பது கூடுகளையும் முதலில் அமுக்கி முடிப்பார்கள். பிறகு அச்சை மாற்றி அடுத்த வேலை. மணிக்கு ஐம்பது தோட்டா வந்தாலே பெரிசு. பொறுமையைச் சோதிக்கும். ஆனால் துல்லியம் தேடும் ரைஃபிள்காரர்கள் பலரும் இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘டரெட்’ ப்ரஸ்ஸில் நான்கு முதல் எட்டு வரை அச்சுகள் ஒரு சுழலும் தலையில் இருக்கும். அச்சைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம். விஸ்கான்சினைச் சேர்ந்த லீ நிறுவனத்தின் நான்கு அச்சு மாடலில், கைப்பிடியை இழுக்க இழுக்க தலை தானாகவே திரும்பும். மணிக்கு நூறுக்கு மேல் தாராளமாக வரும்.

மூன்றாவது ‘ப்ரோக்ரெசிவ்’. இதில் அச்சுகள் அசையாது, கூடுகள் சுற்றும். ஓர் இழுப்பில் ஒரு கூடு அமுங்கும், இன்னொன்றில் மருந்து விழும், வேறொன்றில் குண்டு செருகப்படும். ஓட்டம் பிடித்துவிட்டால் இழுப்புக்கு ஒரு தோட்டா. டில்லன், ஹார்னடி போன்றவை இதில் பெரிய பெயர்கள். மணிக்கு நானூறு, ஐந்நூறு என்று போகும். துணைக்கருவிகளைச் சேர்த்தால் விலை ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும்.

சிக்கல் எங்கே?

9 எம்எம் மாதிரியான கைத்துப்பாக்கித் தோட்டாவில், பல மருந்து வகைகள் கூட்டின் பாதியைக்கூட நிரப்பாது. அதாவது ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை மருந்து விழுந்தாலும் வெளியே வழியாது. கூடு அமைதியாக வாங்கிக்கொள்ளும். சுடும்போது துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். நேர்மாறாக, மருந்தே விழாவிட்டால் ப்ரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு கிளம்பி குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். இதை ‘ஸ்க்விப்’ என்கிறார்கள். சத்தம் கம்மியாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

சிங்கிள் ஸ்டேஜில் இதைப் பிடிப்பது சுலபம். மருந்து போட்ட ஐம்பது கூடுகளும் மரப் பலகையில் வரிசையாக நிற்கும். குண்டு செருகும் முன் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால், உயரம் மாறியது பளிச்சென்று தெரிந்துவிடும். ப்ரோக்ரெசிவில் அந்த நிறுத்தமே கிடையாது. போகிற போக்கில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு பார்வை போட வேண்டும், அவ்வளவுதான் அவகாசம்.

ஓட்டம் சீராக இருக்கும்வரை பிரச்சினை பெரும்பாலும் வராது. ஒரு ப்ரைமர் சிக்கிக்கொள்ளும், போன் அடிக்கும், பையன் வந்து ஏதாவது கேட்பான். ப்ரஸ்ஸைப் பாதியில் நிறுத்தி, தட்டைப் பின்னால் திருப்பி, சிக்கலை எடுத்துவிட்டு மறுபடி இழுக்கும்போது எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்ற கணக்கு தப்பிவிடும். அனுபவசாலிகள் அந்தச் சமயத்தில் யோசிப்பதே இல்லை. தட்டில் உள்ள எல்லாக் கூடுகளையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இங்கேதான் மாடல் வித்தியாசமும் முக்கியமாகிறது. டில்லன் 550இல் தட்டை நாமே கையால் திருப்ப வேண்டும். மறந்து இரண்டு முறை இழுத்தால் ஒரே கூட்டில் இரட்டை மருந்து. அதே நிறுவனத்தின் 750இல் தட்டு தானாகத் திரும்பும், ஐந்து நிலைகள் உண்டு. அந்தக் கூடுதல் நிலையில் மருந்தின் அளவைச் சோதிக்கும் கருவியைப் பொருத்தலாம். நிதானம் வேண்டும் என்பவர்களுக்கு 550 பிடிக்கும். மறதிக்காரர்களுக்கு அது சரிப்படாது.

அப்போ எதை வாங்குவது?

ரைஃபிள் ஒன்று, மாதம் நூறு தோட்டா என்றால் சிங்கிள் ஸ்டேஜே போதும். ‘ஓ’ எழுத்து வடிவச் சட்டம் கொண்டதாகப் பார்க்கலாம். பெரிய கூடுகளை அமுக்கும்போது ‘சி’ வடிவத்தைவிட வளையாமல் நிற்கும். பின்னாளில் பெரிய ப்ரஸ் வாங்கினாலும் இது வீணாகாது. கைத்துப்பாக்கி, ரைஃபிள் இரண்டும் அளவாக என்றால் டரெட். வாரம் பல நூறு தோட்டா கரைக்கும் போட்டிக்காரருக்கு ப்ரோக்ரெசிவ் தவிர வேறு வழியில்லை. அவரும் முதல் சில வாரம் தட்டில் ஒரே ஒரு கூட்டை மட்டும் சுற்றவிட்டுப் பழகுவது நல்லது.

ப்ரஸ்ஸுக்கே பட்ஜெட் முழுவதையும் கொட்டிவிடக் கூடாது. எடை பார்க்கும் தராசு, அளவு பார்க்கும் காலிப்பர், அச்சுகள், புதிய பதிப்புக் கையேடு, கண்ணாடி எல்லாம் தனிச் செலவு. மருந்தை அளப்பது ‘கிரெயின்’ கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். இந்த அளவில் தராசில் கஞ்சத்தனம் காட்டினால் ஆபத்து. மேசை ஆடாமல் இருப்பதும் முக்கியம்.

விளம்பரங்கள் அதிகம் பேசாத இன்னொன்று, ஈயம். எரிந்த ப்ரைமரின் கரியில் ஈயம் இருக்கும். சில ப்ரஸ்களில் அது தரையெல்லாம் சிதறும். லீயின் ‘கிளாசிக் காஸ்ட்’ போன்றவற்றில் குழாய் வழியே இறங்கி ஒரே இடத்தில் சேரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தச் சின்ன வசதிக்காகவே ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்கலாம். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடவே கூடாது.

இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, உரிய லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருக்க வாங்கிய லைசென்ஸ் இதற்குச் செல்லாது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.