மாமரத்தடியில் நின்ற காரும் முன்சில்லுப் பிறேக்கும்

எமது சேமிப்புக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் ஓர் அக்கா மட்டும் பாயிலேயே இருந்தார். "தங்கச்சி, நீ படிச்ச பிள்ளை. டிஸ்க் பிறேக் எண்டால் என்ன?" என்று கேட்டார். கடன் விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், மரணப் பதிவு என்று எத்தனையோ கேள்விகளுக்கு விடை தேடிக் கொடுத்துப் பழகிய எனக்கு இது புதிது. சமூகவியல் பாடத்தில் பிறேக் வரவில்லை.

விடயம் இதுதான். அவருடைய கணவர் வாடகைக்கு ஓட்டிய மொறிஸ் மைனர் 1000 கார் வீட்டு மாமரத்தடியில் நிற்கிறது. 1990க்குப் பிறகு வடக்கில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், சொட்டுப் பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. கணவர் இன்று இல்லை. மகளின் படிப்புக்காகக் காரை விற்க முடிவெடுத்தார். வாங்க வந்தவரோ கேட்ட விலையில் பாதிதான் தருவேன் என்றார். "முன்சில்லுக்கு இன்னும் டிறம் பிறேக்தான் கிடக்கு. எம்.ஜி. மிட்ஜெற் காரின்ரை டிஸ்க் பிறேக் மாத்த வேணும், சாமான் வெளிநாட்டிலை இருந்து வர வேணும்" என்பது அவர் சொன்ன காரணம்.

"அது உண்மையோ பொய்யோ எண்டு தெரியாமல் நான் என்னெண்டு விலை பேசுறது?" என்றார் அக்கா. இருவருமாக ஒரு பழைய கராஜுக்குப் போனோம். அங்கிருந்த ஐயா பொறுமையாக விளங்கப்படுத்தினார். மிச்சத்தை நான் தேடி வாசித்தேன்.

பிறேக் பிடிக்கும்போது காரின் ஓட்டம் முழுவதும் சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பாரம் முன்பக்கம் சாய்வதால் பெரும்பகுதி வேலை முன்சில்லுகளுக்குத்தான். டிறம் பிறேக் மூடிய பானை போன்றது. உள்ளேயுள்ள இரண்டு 'சூ'க்கள் விரிந்து பானையின் உட்சுவரில் உரசும். சூடு வெளியேற வழி குறைவு. மேலும் சூடேறினால் டிறம் விரிந்து சூவிலிருந்து விலகும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்புக் குறையும். டிஸ்க் பிறேக் தோசைக்கல் போன்றது. தட்டு வெளியே காற்றில் சுழல்கிறது, இருபுறமும் இரண்டு 'பாட்'கள் அதை நெரித்துப் பிடிக்கின்றன. சூடு உடனே காற்றோடு போய்விடும்.

இங்கிலாந்தில் இந்த மாற்றம் பந்தயக் கார்களில் தொடங்கியது. 1953இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லொப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் சி-ரைப் வென்றது. 1956இல் ட்றையம்ப் ரி.ஆர்.3 என்ற விளையாட்டுக் காரின் முன்சில்லுகளுக்கு டிஸ்க் வந்தது. 1959இல் வந்த ஓஸ்ரின் ஹீலி 3000 காருக்கும் முன்னால் டிஸ்க்தான். அந்தக் காரில்தான் பற் மொஸ், ஆன் விஸ்டம் என்ற இரு பெண்கள் 1960இல் லியேஜ்-ரோம்-லியேஜ் என்ற கடுமையான பந்தயத்தில், ஆண்கள் எல்லோரையும் பின்தள்ளி முதலாவதாக வந்தார்கள். இதைச் சொன்னபோது அக்கா முதன்முறையாகச் சிரித்தார்.

இனி எங்கள் மொறிஸ் மைனருக்கு வருவோம். 1958இல் வந்த ஓஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சின்ன விளையாட்டுக் கார் இதற்கு மச்சாள் முறை என்று சொல்லலாம். அதே 948 சி.சி. எஞ்சின், மைனரின் ஸ்ரியரிங் அமைப்பு, முன்னால் 7 அங்குல டிறம். 1962இல் எஞ்சின் 1098 சி.சி. ஆனபோது ஸ்பிறைற்றுக்கும் அதன் இரட்டையான மிட்ஜெற்றுக்கும் முன்சில்லு டிஸ்க் கொடுத்தார்கள். அதே வருடம் மைனருக்கும் பெரிய எஞ்சின் வந்தது. ஆனால் டிஸ்க் வரவில்லை, டிறம்மை 8 அங்குலமாக்கினார்கள். அவ்வளவுதான். குடும்பக் காரின் வேகத்துக்கு அது போதும் என்று செய்தவர்களே நினைத்திருக்கிறார்கள்.

பழைய ஸ்பிறைற் வைத்திருப்போர் பலர் பிந்திய மிட்ஜெற்றின் டிஸ்க்கை எடுத்துப் பூட்டுகிறார்கள். மைனரிலும் செய்வதுண்டு. தட்டை மட்டும் மாற்றி முடியாது. சில்லைத் தாங்கும் அச்சு, ஹப், கலிப்பர், குழாய் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். டிறம் பிறேக்குக்கான மாஸ்ரர் சிலிண்டரில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை எடுக்காமல் விட்டால் பாட் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கு மிதியைக் கூடுதலாக அழுத்தவும் வேண்டும். ஆகவே செலவு உண்மையில் பெரிதுதான். வந்தவர் அதில் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஐயா கேட்டார்: "டிஸ்க் போடுறது அவற்றை விருப்பம் பிள்ளை. அதுக்கு இவ ஏன் காசு குடுக்க வேணும்?"

பிறகு ஐயா வீட்டுக்கே வந்து நான்கு சில்லையும் கழற்றினார். முன்சில்லுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு சிறிய சிலிண்டர்கள், அவற்றின் றப்பர் சீல்கள் காய்ந்து ஒயில் கசிந்திருந்தது. பழைய காரில் பிறேக் குழாய் ஒரே தொடர். ஓரிடத்தில் கசிந்தாலும் மிதி முழுவதும் கீழே போகும். கேபிளில் இயங்கும் கைப்பிறேக் மட்டுமே மிஞ்சும். சீல், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமான றப்பர் ஹோஸ், புதிய லைனிங், புதிய பிறேக் ஒயில் ஆகியவை தேவைப்பட்டன. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எஞ்சின் ஒயிலை மறந்தும் அதற்குள் ஊற்றக்கூடாது, றப்பர் ஊதிவிடும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உதவிக்கு வந்த பையன் டிறம்முக்குள் இருந்த கறுப்புத் தூசியை வாயால் ஊதப் போனான். நான் கத்தியே விட்டேன். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருக்கும். நுரையீரல் உறையில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால் பிரித்தானியா 1999இல் அதை முற்றாகத் தடைசெய்தது. அஸ்பெஸ்ரஸ் வேலை செய்தோரின் உடுப்பைத் தோய்த்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. கராஜில் வேலை செய்யும் கணவனோ மகனோ இருந்தால், அந்த உடுப்பை உதறாதீர்கள். தண்ணீரில் நனைத்துப் புறம்பாகத் தோயுங்கள். டிறம்மை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

திருத்தச் செலவு, வந்தவர் குறைத்த தொகையில் சிறு பகுதிகூட இல்லை. குழுவிலிருந்து கடன் எடுத்து அக்கா அதைச் செய்வித்தார். பற்றுச்சீட்டுகளை ஒரு கடித உறையில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த கிழமை அதே ஆள் திரும்பவும் வந்து டிஸ்க் கதையைத் தொடங்கினாராம்.

"தம்பி, உது ஸ்பிறைற் இல்லை, மைனர். டிறம்மோடைதான் பிறந்தது. ஏறி ஒருக்கால் மிதிச்சுப் பாரும்" என்று திறப்பைக் கொடுத்திருக்கிறார் அக்கா. விலை இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அக்கா ஒரு ரூபாவும் இறங்கவில்லை.