பராமரிப்பும் உதவிப் பணமும்

கணவன் மனைவி இருவருள் ஒருவர் திடீரென்று நடமாட இயலாதவராய்ப் படுக்கையில் வீழ்ந்துவிட்டால், அக்குடும்பத்துக்கு நேர்வது ஒரு நஷ்டமா, இரண்டு நஷ்டமா? மாணவர்களாகிய உங்களைக் கேட்டால் பெரும்பாலோர் ஒன்று என்றே சொல்வீர்கள். பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். முப்பதாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தக் கூட்டல் கணக்கைக் கற்பித்தவள், என்னிடம் எட்டாம் வகுப்புவரை படித்த ஒரு பெண்.

அவளுடைய கணவனும் என் மாணவன்தான். கொத்தனார் வேலை பார்த்துவந்தான். 2018-ஆம் ஆண்டில், கட்டிக்கொண்டிருந்த வீடொன்றின் சாரத்திலிருந்து தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அப்போது அவனுக்கு வயது முப்பத்தைந்து. உயிர் பிழைத்தான், ஆயினும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அவளும் சித்தாளாய் உழைத்து நாட்கூலி பெற்றவள். அவனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சில வாரங்களில், மஞ்சள் பை நிறையக் காகிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "ஐயா, எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்றே தெரியவில்லை. நீங்கள்தாம் எழுதித் தரவேண்டும்" என்றாள்.

எழுதத் தொடங்கினோம். இத்தகைய வழிகளில் முதற்கதவு மருத்துவச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகை இயலாமைகளைக் குறிப்பிடுகிறது. அரசு மருத்துவர்கள் பரிசோதித்து, இயலாமை நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எழுதித் தருகிறார்கள். நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் உடையவர்க்குச் சட்டத்தின் பல சலுகைகள் உண்டு. நிலைமை மாறக்கூடும் என்று தோன்றினால் தற்காலிகச் சான்று தருவார்கள். அதைக் காலத்தில் புதுப்பிக்க வேண்டும். இந்த விழுக்காட்டைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. மனிதனுக்கு மதிப்பெண் போடுவதா என்பார்கள். நானும் ஆயுள் முழுதும் மதிப்பெண் போட்டவன். அதன் குறைபாடு எனக்குத் தெரியும். ஆயினும் அந்த எண் இல்லாமல் அடுத்த கதவு திறவாது. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு எண்பது விழுக்காடு வேண்டும். குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். அவ்வளவும் இருந்தால் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்குப் பராமரிப்பு உதவித்தொகை என்று தனியாகவும் ஒன்று உண்டு.

இரண்டாவது கதவு நஷ்டஈடு. இது தர்மம் அன்று. வேலை செய்யும்போது நேர்ந்த விபத்துக்கு, வேலை வாங்கியவர் தீர்க்கவேண்டிய கடன். அப்போது நடைமுறையில் இருந்தது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். (2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பெற்றது.) பழைய சட்டத்தின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நிரந்தரமாய் உழைக்க இயலாமற் போனவனுக்கு மாத ஊதியத்தில் அறுபது விழுக்காட்டை எடுத்து, அவன் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கவேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு அந்த எண் 197.06, நாற்பதுக்கு 184.17. வயது ஏற ஏற எண் குறைகிறது, உழைக்கும் காலம் குறைவதனால். அவன் அந்நாளில் எவ்வளவு கூலி வாங்கினாலும் சட்டம் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் கொள்ளாது. 2020 ஜனவரியில்தான் அவ்வரம்பு 15,000 ஆயிற்று. ஆகவே 8,000-இல் அறுபது விழுக்காடு 4,800, அதை 197.06-ஆல் பெருக்கினால் 9,45,888 ரூபாய். பென்சிலும் காகிதமும் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கணக்குப் போடுவது எளிது. பணம் பெறுவது அவ்வளவு எளிதன்று. இரண்டாண்டுக்குள் கேட்கவேண்டும். "அவன் என் ஆளே அல்லன்" என்றார் ஒப்பந்தக்காரர். கூலிக்கு ரசீது கொடுக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் ஏது? உடன் வேலை பார்த்த இருவர் சாட்சி சொல்ல முன்வந்தமையால் வழக்கு நின்றது. முடிய மூன்றாண்டுகள் ஆயின.

நான் சொல்லவந்தது வேறு. உதவித்தொகை விண்ணப்பத்தில் குடும்ப உறுப்பினரின் தொழில், வருமானம் என்று கட்டங்கள் இருந்தன. கணவன் பெயருக்கு நேரே "முன்பு கொத்தனார்" என்று எழுதினேன். அவள் பெயருக்கு நேரே, சற்றும் யோசியாமல், "தொழில் இல்லை, வீட்டில் இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்திடக் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, நான் வேலை இல்லாமலா இருக்கிறேன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். உணர்ச்சியற்ற உடல் ஒரே பக்கமாய்க் கிடந்தால் அழுந்திய இடம் புண்ணாகும். அப்படுக்கைப் புண் எலும்புவரை அரித்துவிடும். ஆகையால் இரண்டு மணிக்கு ஒருமுறை அவனைப் புரட்டிவிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை. இரவில் மட்டும் நான்கைந்து முறை. சிறுநீர்க் குழாயைச் சுத்தமாய் வைக்கவேண்டும், குளிப்பாட்டவேண்டும், மலங்கழிக்கச் செய்யவேண்டும், கால்கள் மடங்கிப்போகாதபடி நீட்டி மடக்கவேண்டும். ஒரு மருத்துவமனையில் இவற்றை மூன்று பேர் முறைவைத்துச் செய்வார்கள்; மூவருக்கும் சம்பளம் உண்டு. நான் போட்ட 9,45,888 ரூபாய்க் கணக்கில் இவ்வுழைப்புக்கு ஒரு காசுகூட இல்லை. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சிகிச்சைச் செலவைக் கேட்கலாம் என்று அச்சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் அருகிருந்து பார்ப்பவள் இழந்த கூலிக்கு அதில் இடமே கிடையாது. அவன் கூலியும் போயிற்று; அவனைப் பார்க்கவேண்டி அவள் கூலியும் போயிற்று. நஷ்டம் இரண்டு.

இந்த இரண்டாம் நஷ்டத்தை எந்த நாட்டிலாவது யாரேனும் எண்ணிப் பார்த்தார்களா என்று தேடலானேன். இங்கிலாந்தின் வரலாறு கிடைத்தது. மேரி வெப்ஸ்டர் என்பவர் கிறிஸ்தவச் சபையொன்றில் ஊழியம் செய்தவர். பெற்றோரைப் பராமரிப்பதற்காகத் தம் பணியைத் துறந்தவர். தம்மைப்போல் வேலையை விட்டு வறுமையில் வாடும் மணமாகாப் பெண்களைப் பற்றி 1963-இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து 1965-இல் ஒரு சங்கம் பிறந்தது. பராமரிப்புத் தேவைப்படுவோர்க்கு 1971-இலும், பராமரிப்பவர்க்கு 1976-இலும் அந்நாட்டில் உதவித்தொகை ஏற்பட்டது. இவ்விரண்டின் வேறுபாட்டை நன்றாய்க் கவனியுங்கள். முன்னது படுத்திருப்பவர் கைக்குப் போவது. பின்னது அவருக்காக வேலையை விட்டவர் கைக்குப் போவது.

ஆனால் 1976-இல் ஏற்பட்ட அத்தொகையின் சட்டத்தில் ஒரு விசித்திரம். கணவனோடு வாழும் பெண்ணுக்கு அத்தொகை கிடையாது! மனைவியானவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள், அவள் எதை இழந்தாள் என்பதுதான் அரசினர் சொன்ன காரணம். என் பேனா எழுதிய அதே வாக்கியம் கடல் கடந்து அங்கே சட்டமாகவே இருந்திருக்கிறது. தாயைப் பராமரிக்க வேலையை விட்ட மணமான பெண் ஒருத்தி வழக்காடினாள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 1986 ஜூன் மாதத்தில் அவள் பக்கமே தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்கு முந்தின நாளே அரசாங்கம் மணமான பெண்களுக்கும் தொகையை வழங்குவதாய் அறிவித்துவிட்டது. தோல்வி உறுதி என்று தெரிந்திருக்கும் போலும். இன்றும் அங்கே வாரத்துக்கு 35 மணி நேரம் பராமரிப்பவர் அதைக் கேட்கலாம். குறைகளும் இல்லாமல் இல்லை. பராமரிப்பவர் வெளியே சிறிது சம்பாதித்து, அச்சம்பாத்தியம் வரம்பை ஒரு காசு தாண்டினாலும் தொகை முழுதும் நின்றுவிடும். முப்பத்தைந்து மணி நேரம் என்று படித்தபோது என் மாணவியை நினைத்தேன். அவளுக்கு அது இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது.

நம் நாட்டில் சட்டம் முற்றிலும் ஊமையாய் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அரசுகள் வகுக்கவேண்டிய திட்டங்களைச் சொல்லும் இடத்தில், மிகுந்த உதவி தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி என்பதையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. எனினும் அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். இவ்வகை வாக்கியங்களை வாசிக்கும்போது அடைப்புக்குள் இருப்பதையும் சேர்த்து வாசிக்கப் பழகுங்கள்.

உச்ச நீதிமன்றம் இன்னும் சற்றுத் தெளிவாய்ப் பேசியிருக்கிறது. 2007-இல் சாலை விபத்தில் முற்றிலும் செயலிழந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவளுக்கு இரண்டு உதவியாளர் வேண்டும். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று கொண்டு, ஆண்டுக் கணக்காக்கிப் பதினெட்டால் பெருக்கி, பராமரிப்புக்கு மட்டும் 21,60,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பராமரிப்பும் விலையுள்ள உழைப்பு என்பது அக்கணக்கில் எண்ணாகவே நிற்கிறது. ஆனால் அது சாலை விபத்துச் சட்டம். சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு அது பொருந்தவில்லை.

அன்று அவள் வீட்டிலிருந்து திரும்பியதும் புதிய விண்ணப்பத் தாள் ஒன்று வாங்கி மீண்டும் எழுதினேன். அவள் பெயருக்கு நேரே, "முன்பு சித்தாள். இப்போது இரவும் பகலும் கணவரைப் பராமரிக்கிறார். அதனால் கூலி நின்றுபோயிற்று" என்று எழுதினேன். கட்டம் சிறியது, எழுத்து வெளியே வழிந்தது. அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது தொழிலா, அம்மா?" என்று கேட்டார். "ஒரு நாள் வந்து பாருங்கள், ஐயா" என்றாள் அவள். அவர் அதை அடிக்கவில்லை. அப்படியே கோப்பில் கட்டிவைத்தார்.

சில மாதங்களில் உதவித்தொகை அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வரத் தொடங்கியது. ஆண்டுதோறும் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்குச் சான்று கொடுக்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவியை இரண்டு மணி நேரம் துணைக்கு வைத்துவிட்டு, அதையும் அவளே எடுத்துச் செல்கிறாள்.